அமெரிக்காவில் முதுகலை, கையில் இந்தியப் பாஸ்போர்ட், கோடையில் கென்யா: இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப். என்னோடு எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதார முதுகலை) படிக்கும் அமெரிக்கத் தோழிக்கும் அதே நிறுவனம், அதே தேதி. அவள் டிக்கெட் எடுத்தாள், ஊசி போட்டுக்கொண்டாள், நிறுவனம் கேட்ட காகிதங்களை அனுப்பினாள். வேலை முடிந்தது. எனக்கோ அதற்கு மேலும் ஏழெட்டு வேலை சேர்ந்துகொண்டது. படிப்பது அமெரிக்காவில், பாஸ்போர்ட் இந்தியாவுடையது, வேலை கென்யாவில் என்றால் மூன்று நாட்டு விதிகளும் நம் தலையில்தான் வந்து விழும். பல்கலைக்கழகம் தந்த கையேடு அமெரிக்கக் குடிமக்களை நினைத்து எழுதியது. அதை நம்பி நான் பிப்ரவரியைச் சும்மா கழித்துவிட்டு, ஏப்ரலில் தூக்கம் இல்லாமல் அலைந்தேன்.

கீழே இருப்பது எஃப்-1 எனும் அமெரிக்க மாணவர் விசாவில் இருக்கும் இந்திய மாணவர்களுக்கானது. நான் போனது கென்யா என்பதால் அந்த நாட்டு விவரங்களைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன். தான்சானியா, உகாண்டா போகிறவர்களுக்கு அந்தந்த நாட்டு விதி மாறும், ஆனால் வேலைகளின் வரிசை மாறாது.

1. இடம் தேடும் முன் விசா ஸ்டாம்ப் தேதியைப் பாருங்கள்

பாஸ்போர்ட்டைத் திறந்து எஃப்-1 விசா எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அது காலாவதியானாலும் பிரச்சினை இல்லை. வெளியே போய்விட்டு உள்ளே வரத்தான் அது உயிரோடு இருக்க வேண்டும். ஆகஸ்டில் திரும்பும் நாளுக்கு முன் முடிகிறது என்றால், உங்கள் கோடைத் திட்டத்தில் புது விசா எடுப்பதையும் சேர்க்க வேண்டும்.

"நைரோபியில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறதே, அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. 2025 செப்டம்பர் முதல், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. பத்து வாரம் இன்டர்ன்ஷிப் போனால் கென்யா நீங்கள் வசிக்கும் நாடு ஆகிவிடாது. ஆக, சென்னைக்குத்தான் போக வேண்டும். நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். காலாவதியான ஸ்டாம்புடன் திரும்பலாம் என்ற சலுகை கனடா, மெக்சிகோ போன்ற பக்கத்து இடங்களுக்குப் போய் 30 நாளுக்குள் வருகிறவர்களுக்கானது. கென்யாவுக்கு அது பொருந்தாது.

ஸ்டாம்ப் முடியப்போகிறவர்கள், முடிந்தால் டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே புதுப்பித்துவிடுங்கள். அது நடக்காவிட்டால் அந்தக் கோடையில் அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு இடம் பாருங்கள். நான் இதைக் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபின் ஊரில் விசாவுக்காகக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பாஸ்போர்ட்டும் கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். காலிப் பக்கங்கள் இரண்டு மூன்றாவது வேண்டும்.

2. இடம் தேடுவது

இதைத்தான் எல்லோரும் பெரிய மலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் காகித வேலையை விட இது சுலபம், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். அக்டோபரில் பட்டியல் போடுங்கள், நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ரிலீஃப்வெப், ஐடியலிஸ்ட், டெவெக்ஸ் தளங்களிலும், பல்கலைக்கழகத்தின் ஹேண்ட்ஷேக் வேலைவாய்ப்புத் தளத்திலும் விளம்பரங்கள் வரும். நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆம்ரெஃப் ஹெல்த் ஆப்ரிக்கா, அதே ஊரில் இருக்கும் ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு மையம், மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளோடு வேலை செய்யும் ஒன் ஏக்கர் ஃபண்ட் போன்ற பெரிய அமைப்புகளின் தளங்களை நேரடியாகவே பாருங்கள். ஒவ்வொரு கோடையும் எல்லோரும் ஆள் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லை.

நான் 23 மின்னஞ்சல் அனுப்பினேன், 4 பதில் வந்தது. கடைசியில் இடம் கிடைத்தது அந்த நான்கிலிருந்து அல்ல. எங்கள் துறையில் கென்யாவில் திட்டம் நடத்திய ஒரு பேராசிரியர் இரண்டு வரி எழுதிப்போட்டார், ஐந்தே நாளில் அழைப்பு வந்தது. பேராசிரியர்களைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு மாதம் வீணடித்தேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம், 2,000 டாலர் 3,000 டாலர் கட்டுங்கள் என்று சொல்லும் இடைத்தரகர்கள் நிறைய. தங்குமிடம், சுற்றுலா எல்லாம் சேர்த்து விற்பார்கள். முதுகலை மாணவருக்கு அது தேவையே இல்லை. முன்பின் தெரியாத சிறு அமைப்பு என்றால் கென்யப் பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அங்கே 2013-ஆம் ஆண்டின் பொதுநல அமைப்புகள் சட்டம் 2024 மே 14 முதல் நடைமுறையில் இருக்கிறது, தொண்டு நிறுவனங்களின் பதிவு இப்போது அதன் கீழ்தான். கேட்டால் கோபித்துக்கொள்ளும் அமைப்பு நமக்கு வேண்டாம். தவிர, கென்யாவில் வேலை செய்வதற்கான உங்கள் அனுமதிக்கு, அதாவது பாஸுக்கு (5-ஆம் பகுதியில் வருகிறது), விண்ணப்பிக்க அவர்களுக்கே அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

3. அழைப்புக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

"வாருங்கள், மகிழ்ச்சி" என்று வரும் மின்னஞ்சல் எதற்கும் உதவாது. நிறுவனத்தின் முகவரி அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை செய்யும் ஊர்கள் (ஒன்றுக்கு மேல் என்றால் எல்லாமும்), மேற்பார்வையாளர் யார், என்ன வேலை, உதவித்தொகை உண்டா இல்லையா, கென்யப் பாஸுக்கு விண்ணப்பிப்பது யார், அதன் கட்டணம் யாருடையது. கடைசி இரண்டும் எழுத்தில் வருவதுதான் முக்கியம்.

அப்புறம் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. அதனால் அமெரிக்க விசாவிலும் பல்கலைக்கழகப் பதிவிலும் 'எஃப்என்யூ' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். பல்கலைக்கழகக் கடிதத்தில் நான் எஃப்என்யூ. நைரோபிக் கடிதத்தில் என் அப்பா பெயரை யாரோ குடும்பப்பெயர் ஆக்கியிருந்தார்கள். மருத்துவமனைக் கோப்பில் மூன்றாவதாக ஒரு வடிவம். மூன்று காகிதத்திலும் நான் மூன்று ஆள். அதில் ஒன்றைத் திருத்த மட்டும் பத்து நாள் போனது.

பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் எல்லா இடத்திலும் வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே, அந்தப் பக்கத்தின் நகலோடு சொல்லிவிடுங்கள். குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களில் என்ன போட வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாமல் நிறுவனத்தையும் விமான நிறுவனத்தையும் கேட்டு, அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

4. பணம்

பெரும்பாலும் சம்பளம் கிடையாது. துறைகள், பல்கலைக்கழக சர்வதேச அலுவலகங்கள் தரும் கோடை நிதியுதவிக்கு விண்ணப்பத் தேதி பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். அழைப்புக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. ஜனவரிக்குள் இடம் உறுதியாக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நிதியுதவி அறிவிப்பில் "அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்" என்ற வரி எங்காவது கீழே ஒளிந்திருக்கும். கட்டுரை எழுத உட்காரும் முன் அதைத் தேடுங்கள்.

எனக்கு ஆன செலவு: விமானம் 1,380 டாலர். ஊசிகளும் பயண மருத்துவர் கட்டணமும் 290. நைரோபியில் ஆறு வாரத்துக்குப் பகிர்ந்த வீட்டில் ஒரு அறை 60,000 ஷில்லிங், மேற்குக் கென்யாவின் கிசுமுவில் நான்கு வாரம் 25,000. சாப்பாடும் போக்குவரத்தும் வாரம் 8,000 வீதம் 80,000. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 129 ஷில்லிங் என்று கணக்கிட்டால் அங்கே செலவானது 1,280 டாலர் சுமார். இதற்கு மேல், யாருமே கணக்கில் சேர்க்காத ஒன்று: அமெரிக்காவில் பூட்டிக் கிடந்த அறையின் வாடகை. உள்வாடகைக்கு ஆள் கிடைத்தும் பாதி விலைக்குத்தான் விட முடிந்தது, 600 டாலர் என் கையைக் கடித்தது. கோடையில் கல்லூரி ஊரே காலி, எல்லோரும் ஆள் தேடுவார்கள். மார்ச்சிலேயே விளம்பரம் போடுங்கள்.

எல்லாம் சேர்த்து 3,600 டாலரை ஒட்டி வந்தது. எனக்குக் கிடைத்த நிதியுதவி 3,000. கைக்கு வந்தது 2,580.

அந்த 420 எங்கே போனது? எஃப்-1 மாணவருக்குத் தரும் நிதியுதவியில் 14 சதவீதம் வரி பிடிப்பது வழக்கம். ஆனால் வேலை முழுக்க அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறது என்றால், வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் மாணவருக்கு அந்த நிதியுதவி வெளிநாட்டு வருமானமாகத்தான் கருதப்படும், பிடித்தம் கூடாது. இது எனக்கும் தெரியவில்லை, பணம் போட்ட அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆரில் கேட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. பணம் வரும் முன்பே, "வேலை முழுவதும் கென்யாவில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று அழைப்புக் கடிதத்தை இணைத்துச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இன்னொரு பொறி: இன்டர்ன்ஷிப் உங்கள் பட்டத்துக்குக் கட்டாயமான பிராக்டிகம் (களப்பயிற்சி) என்றால், கோடையில் கிரெடிட் பதிவு செய்யச் சொல்வார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வெளிமாநிலக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்தால் விமான டிக்கெட் மலிவாகத் தெரியும். கோடையில் வேலையை முடித்துவிட்டு இலையுதிர் பருவத்தில் கிரெடிட்டைப் பதியலாமா என்று கேளுங்கள். எங்கள் துறை ஒப்புக்கொண்டது.

5. கென்யாவில் வேலை செய்ய அனுமதி

இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கென்யா 2024 ஜனவரியில் பழைய விசா முறையை எடுத்துவிட்டு இ.டி.ஏ என்ற இணைய அனுமதியைக் கொண்டுவந்தது. இந்தியர்களுக்கு அது வேண்டும். 30 டாலர் சொச்சம், இணையத்திலேயே முடிந்துவிடும். பிரச்சினை என்னவென்றால், இ.டி.ஏ உள்ளே வருவதற்கான அனுமதி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். கென்யச் சட்டம் ஊதியம் உண்டா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

எனக்கு அழைப்பு அனுப்பிய நிறுவனத்தில் ஒருவர், "எல்லோரும் டூரிஸ்ட் என்று போட்டுத்தான் வருகிறார்கள், நீங்களும் அப்படியே வாருங்கள்" என்று எழுதினார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மார்ச் கடைசியில் எங்கள் பல்கலைக்கழகப் பயண அலுவலகம் பாஸ் எங்கே என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். அமெரிக்கத் தோழி மாட்டினால் அவளுக்கு ஒரு நாட்டோடு தகராறு. நமக்கு அப்படி இல்லை. ஒரு நாட்டில் குடிவரவு விதியை மீறியவர் என்று பெயர் வாங்கினால், அடுத்த அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

முறையான வழி, இன்டர்ன்களுக்கான பாஸ். கென்யக் குடிவரவுத் துறையின் வெளிநாட்டவர் சேவை இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையில் விண்ணப்பத்தை நிறுவனம்தான் நகர்த்தும். என்னிடம் கேட்டவை: பாஸ்போர்ட் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், நான் மாணவர்தான் என்று பல்கலைக்கழகம் தந்த கடிதம், பட்டச் சான்றிதழ், அழைப்புக் கடிதம், நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ். எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து தெளிவாக வையுங்கள். மங்கலான கைபேசிப் படம் ஒன்றுக்காக என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது.

எனக்கு ஏழு வாரம் ஆனது, கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அங்கீகாரம் வந்தது. பிப்ரவரி கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும் என்று நிறுவனத்தை நச்சரியுங்கள். வாரம் ஒருமுறை மரியாதையாக ஞாபகப்படுத்துவதில் தப்பே இல்லை. அங்கீகாரக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டில் பாஸைப் பதிவது நைரோபி நியாயோ ஹவுஸில் இருக்கும் குடிவரவு அலுவலகத்தில். அதற்கு முதல் வாரத்தில் ஒரு முழு நாளை ஒதுக்கி வையுங்கள்.

தங்குவது 90 நாளைத் தாண்டினால் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கும் பதிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடித்துக்கொள்வது அதற்காகவும் நல்லது.

6. தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தப் போகிறீர்களா?

இல்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

ஆம் என்றால், அது இன்டர்ன்ஷிப் மட்டுமல்ல, ஆய்வு. மூன்று அனுமதி தேவைப்படலாம்: உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, கென்யாவில் அங்கீகாரம் பெற்ற ஒரு நெறிமுறைக் குழு, அப்புறம் நகோஸ்டி எனப்படும் தேசிய அறிவியல் ஆணையத்தின் ஆய்வு உரிமம். உரிமத்துக்குக் கென்ய நிறுவனம் ஒன்றோடு இணைப்பு வேண்டும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது நகரும் என்பதால் டிசம்பரிலேயே தொடங்காவிட்டால் மே மாதத்துக்குள் முடிவது கஷ்டம். "முதலில் போய்ச் சேர்த்துக்கொள்வோம், அனுமதி அப்புறம்" என்பது நடக்காது. அனுமதிக்கு முன் சேகரித்ததை ஆய்வேட்டில் தொட முடியாது. நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும், பெயர் நீக்கிய தரவைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல். நான் அதைத்தான் செய்தேன்.

7. டிஎஸ்ஓவிடம் கேட்க வேண்டியவை

டிஎஸ்ஓ என்பவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்கள் ஐ-20க்கு (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று) பொறுப்பானவர். ஏப்ரல் முதல் வாரத்திலேயே பாருங்கள், மே மாதம் அவர் வாசலில் வரிசை நிற்கும்.

ஐ-20யில் பயணக் கையெழுத்து வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஓராண்டுக்குச் செல்லும், ஆனால் திரும்பும் நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும். போன ஆண்டு ஜூலையில் வாங்கிய கையெழுத்து இந்த ஆகஸ்டுக்கு உதவாது.

அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பொதுவாக சிபிடி எனும் மாணவர் பயிற்சி வேலை அனுமதி தேவையில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு: "மே முதல் வாரத்திலிருந்தே வீட்டிலிருந்து கொஞ்சம் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறீர்களா?" என்று நிறுவனம் கேட்கும். நீங்கள் அப்போது இருப்பது அமெரிக்காவில். அங்கே இருந்துகொண்டு எந்த வேலையையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், டிஎஸ்ஓவைக் கேட்காமல் தொடங்காதீர்கள். திரும்பி வந்தபின் அறிக்கையை முடித்துத் தருவதற்கும் இதே பேச்சுதான். நான் வேலை நாட்களை அமெரிக்காவில் விமானம் ஏறிய பிறகு தொடங்கி, திரும்பும் விமானம் ஏறும் முன் முடியும்படி கடிதத்திலேயே மாற்றச் சொன்னேன்.

தொடர்ந்து ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எஃப்-1 நிலைக்கே ஆபத்து. இன்டர்ன்ஷிப் முடித்து ஊருக்கும் போய் வருகிறவர்கள் நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

8. ஊசியும் மாத்திரையும்

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கென்யாவிலிருந்து இந்தியா வருகிறவர்களிடம் இந்தச் சான்றிதழைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஆகஸ்டில் நேரே அமெரிக்கா திரும்பும் தோழிக்கு இந்தக் கவலை இல்லை. வழியில் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகும் நமக்குத்தான் வேலை. அடிஸ் அபாபா வழியாக வந்தாலும் தப்பிக்க முடியாது, எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அமெரிக்காவில் குறிப்பிட்ட மையங்களில் மட்டும் கிடைக்கும், என் மாணவர் இன்சூரன்ஸ் ஏற்கவில்லை, ஊசிக்கு மட்டும் 200 டாலருக்கு மேல் போனது. டிசம்பரில் தமிழ்நாடு போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், பாஸ்போர்ட் அசல் வேண்டும், முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகம் எல்லா நாட்டிலும் செல்லும்.

மலேரியா: நைரோபி உயரமான ஊர், அங்கே ஆபத்து குறைவு. விக்டோரியா ஏரிக் கரையில் இருக்கும் கிசுமு அப்படி இல்லை. எனக்கு எழுதித் தந்தது அட்டோவாகோன்-புரோகுவானில். போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, இருக்கும் நாளெல்லாம் தினம் ஒன்று, திரும்பியபின் ஏழு நாள். நான்கு வாரக் கிசுமுவுக்கு 37 மாத்திரை. இன்சூரன்ஸ் ஒரு தடவைக்கு 30 நாள் மருந்துதான் தருவேன் என்று நின்றது. வெளியூர்ப் பயணம் என்று சொல்லி விலக்குக் கேட்டால் தருகிறார்கள், ஆனால் அதற்கும் ஒரு வாரம் ஆகும். எந்த மாத்திரை உங்களுக்குச் சரி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

9. டிக்கெட், இன்சூரன்ஸ்

பாஸ் கைக்கு வரும்வரை மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். ஐரோப்பா வழியாகப் போகிறீர்கள் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலைய மாறுதல் விசா வேண்டுமா என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பல இடங்களில் விலக்கு உண்டு. நியூயார்க்கிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானமும் இருக்கிறது, விலைதான் ஏறும்.

பல்கலைக்கழகம் பயணத்தைப் பதியச் சொல்லி இலவச அவசரகால இன்சூரன்ஸ் தரும். அதில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, அவசரமாக வெளியேற்றினால் எங்கே கொண்டுபோவார்கள்? 'தாய்நாடு' என்று எழுதியிருந்தால் அது இந்தியாவா அமெரிக்காவா? இரண்டாவது, மோட்டார் சைக்கிள் விபத்து சேருமா? கென்யாவில் போடா-போடா எனும் பைக் டாக்ஸிதான் தெருவெல்லாம். நம் ஓசூர் டிவிஎஸ் வண்டியைக் கிசுமுவில் பார்த்து எனக்குப் பாசம் பொங்கியது என்றாலும், என் பாலிசி பைக்கை ஏற்கவில்லை. ஆட்டோவிலேயே போனேன். அங்கே அதற்கு டுக்-டுக் என்று பெயர்.

அங்கே ஏதாவது ஆனால் உங்களுக்குப் பொறுப்பு அமெரிக்கத் தூதரகம் இல்லை, நைரோபியில் இருக்கும் இந்தியத் தூதரகம்தான். அதன் அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 2024, 2025 இரண்டு ஆண்டும் ஜூன் 25-ஐ ஒட்டி நைரோபியில் பெரிய போராட்டங்கள் நடந்தன. ஜூலை 7, சபா சபா நாளும் அப்படித்தான். அந்த நாட்களில் நகர மையத்துக்குப் போகும் திட்டமோ விமானமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. கிளம்பும் வாரம்

ஓடிபி பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. அமெரிக்க வங்கி, பல்கலைக்கழக லாகின், ஊரில் கல்விக்கடன் வங்கி என்று மூன்றும் மூன்று எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அமெரிக்க எண்ணை இ-சிம்முக்கு மாற்றி வைஃபை அழைப்பை இங்கேயே சோதித்துப் பாருங்கள். அப்போது உண்மையான சிம் இடம் கென்ய எண்ணுக்குக் காலியாக இருக்கும். பல்கலைக்கழக லாகினைக் குறுஞ்செய்தியிலிருந்து செயலிக்கு மாற்றிவிடுங்கள்.

ஜூன், ஜூலை நைரோபி குளிரும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் பருத்திச் சட்டைகளோடு போய் இறங்கி, முதல் ஞாயிறே சந்தையில் பழைய ஸ்வெட்டர் தேடினேன். பிளக் மூன்று சதுரக் காலுடையது, மின்சாரம் 240 வோல்ட். அமெரிக்காவில் வாங்கிய ரைஸ் குக்கரைச் சொருகினால் புகைதான் வரும்.

கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017-லிருந்து தடை. பருப்புப்பொடி, இட்லிப்பொடியைக் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப்போகாதீர்கள், டப்பாவில் போடுங்கள். சாப்பாட்டுக்குப் பெரிய கவலை வேண்டாம். சப்பாத்தி அங்கேயும் சப்பாத்திதான், பச்சைப்பயறைக் கெட்டியாக வேகவைத்து 'டெங்கு' என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

11. இறங்கியதும்

விமான நிலையத்திலோ முதல் நாள் ஊருக்குள்ளோ சஃபாரிகாம் சிம் வாங்குங்கள், பாஸ்போர்ட் அசலைக் காட்ட வேண்டும். அதிலேயே எம்-பெசாவைத் தொடங்கச் சொல்லுங்கள். வாடகை, காய்கறி, டுக்-டுக் எல்லாம் அதில்தான், நம் ஊர் ஜிபே மாதிரி. ரெமிட்லி, வைஸ் போன்ற செயலிகள் வழியாக அமெரிக்கக் கணக்கிலிருந்து நேராக எம்-பெசாவுக்கே பணம் அனுப்பிக்கொள்ளலாம். முதல் தடவை சரிபார்ப்புக்கு ஓரிரு நாள் பிடிக்கலாம் என்பதால் கிளம்பும் முன்பே கணக்கைத் திறந்து வையுங்கள்.

நிறுவனத்திடம் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சந்திப்பு கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் எனக்கு வேலையே தரவில்லை. எல்லோரும் களத்தில், நான் தனியாக மேசையில். கேட்காமல் இருந்திருந்தால் பத்து வாரமும் அப்படியே ஓடியிருக்கும்.

12. திரும்பும்போது

கைப்பையில் ஒரே உறையில் இவை: பாஸ்போர்ட், கையெழுத்துள்ள ஐ-20, அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ததற்கான சான்று, அழைப்புக் கடிதம், நிறுவனம் தந்த நிறைவுக் கடிதம். சிகாகோவில் அதிகாரி, "கென்யாவில் என்ன செய்தாய், யார் பணம் கொடுத்தார்கள்?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். கடிதங்களை நீட்டினேன், முதல் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஊர் வழியாக வந்தால் அதே உறையில் மஞ்சள் புத்தகமும் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிட்டால் சென்னையில் சுகாதார மேசை முன் நின்றுகொண்டு திண்டாட வேண்டும்.

நிறைவுக் கடிதத்தைக் கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள், அப்புறம் மின்னஞ்சலில் துரத்தி வாங்க அக்டோபர் ஆகிவிடும். அமெரிக்கா வந்த மறுநாள் ஐ-94 எனும் வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து, எஃப்-1 என்று சரியாக இருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் எஃப்என்யூ மறுபடியும் இடம் மாறியிருந்தது. திருத்திக்கொள்ள ஒரு மதியம் ஆனது.